வேர்வைத் துண்டு

"தெனமும் இத்தன ஓடியும் சுகர் கொறையலீங்களே. என் சமையல்லதான் என்னமோ தப்பு இருக்குது." சரஸ்வதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் கணவர் ராஜேந்திரன் குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டார். டாக்டர் ஓடச் சொன்னதும், துணைக்கு அவள் ஆசையாக வாங்கித் தந்த நாய் டைசன். விடிந்ததும் அதோடு ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப் வரை போய், வேர்த்துக் கொட்டத் திரும்புவார். அவள் துண்டோடு காத்திருப்பாள்.

"இன்னிக்கு நானும் வர்றனுங்க."

"ஒரே மேடு பள்ளம். நீ ஊட்லயே இரு, சரசு."

அவள் கேட்கவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தெருவுக்கு வந்ததும் டைசன் நேராக அங்கே நின்ற அவர் ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்றது. இழுத்தும் நகரவில்லை. சரஸ்வதி ஸ்டாண்டை எடுத்து வண்டியை ஓரங்கட்டப் பார்த்தாள். இன்ஜின் போடாத வண்டி சரிவில் உருண்டதுதான் தாமதம், டைசன் கூடவே ஓட ஆரம்பித்தது.

அவள் பிரேக்கைப் பிடித்தாள்.

"அப்ப அந்த வேர்வை?"

"வரும்போது உனக்குச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு... கடைசி மேட்டுல வண்டிய ஆஃப் பண்ணித் தள்ளிட்டு வருவேன்." அவர் தலை நிமிரவில்லை.

சரஸ்வதி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினாள். குனிந்து, அந்தத் துண்டால் டைசனின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நெசமா ஓடுனது இதுதானுங்களே."