மூன்று தோசை, நான்கு பேர்

“மூணை எப்படிங்க டீச்சர் நாலால வகுக்கறது? பெருசைத்தானுங்களே சின்னதால வகுப்பாங்க!”

மகுடேஸ்வரி எழுந்து நின்று இப்படிக் கேட்டதும் சாந்தாமணி கரும்பலகையை விட்டுச் சட்டென்று திரும்பினாள். சந்தேகம் கேட்க இந்தப் பெண்ணுக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா?

சிங்காநல்லூரில் ஒரு பள்ளியின் ஐந்தாம் வகுப்பு அது. ஆசிரியர் பயிற்சியில் கடைசி வருடம் படிக்கும் சாந்தாமணிக்கு அன்று கற்பித்தல் தேர்வு. வகுப்பின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் தேர்வாளர் கோவிந்தராஜுலு. தேறினால் வாத்தியார் வேலைக்குப் பதிந்து வைக்கலாம். தேறாவிட்டால் படித்தது போதுமென்று மாப்பிள்ளை பார்க்கக் கொடுமுடியில் அப்பா தயாராக இருந்தார்.

வந்ததுமே பிள்ளைகள் காதுபடவே கோவிந்தராஜுலு கறாராகச் சொல்லிவிட்டார்.

“புதுப் பாடம்தானுங்களே அம்மணி? முன்னயே நடத்துனதை எங்கிட்ட ஓட்டிக் காட்டுனா நான் மார்க் போடறதில்லைங்க.”

“புதுசுதானுங்க சார்.”

அதன்பிறகு வகுப்பு ஜோராகத்தான் ஓடியது. அரை என்றால் என்ன, கால் என்றால் என்ன என்று கேட்டபோதெல்லாம் மொத்த வகுப்பும் கை தூக்கியது. கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது. தேர்வாளர் மட்டும் ஏனோ முகத்தைச் சுளித்துக்கொண்டு பேனாவை மூடி வைத்தார். அந்த நேரம் பார்த்துத்தான் மகுடேஸ்வரி எழுந்தாள்.

“வகுக்கலாம் கண்ணு. மூணு தோசை இருக்குது, நாலு பேருக்குக் குடுக்கோணும். என்ன பண்ணுவே?”

“மூணு பேருக்கு ஆளுக்கொண்ணுங்க. நாலாவது ஆளுக்கு இல்லைங்க.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சாந்தாமணி அவசரமாகச் சார்ட்டில் வரைந்திருந்த வட்டங்களைக் காட்டினாள்.

“அது வட்டம்தானுங்க டீச்சர். தோசை இல்லீங்களே.”

இதற்கு மேல் சார்ட்டை நம்பிப் பயனில்லை. சாந்தாமணி மதியத்துக்கு வைத்திருந்த டிபன் பாக்ஸைத் திறந்து மூன்று தோசைகளை எடுத்தாள். மகுடேஸ்வரியோடு இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டு நிறுத்தினாள். ஒவ்வொரு தோசையையும் நான்காகப் பிய்த்து, ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தாள்.

“ஒவ்வொரு தோசையிலயும் உனக்கு எவ்வளவு கெடைச்சுது?”

“காலுங்க.”

“மூணு தோசைக்கும் சேர்த்து?”

“மூணு காலு... முக்காலுங்க!”

“அவ்வளவுதான். மூணை நாலால வகுத்தா முக்கால்.”

சாந்தாமணி நிம்மதியாகக் கரும்பலகை பக்கம் திரும்பினாள். மகுடேஸ்வரி உட்காரவில்லை. கையிலிருந்த துண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“டீச்சர், முக்கால்னா ஒரே தோசையை நாலாக்கி, அதுல மூணு எடுக்கறதுங்க. நாம மூணு தோசையை நாலு பேருக்குப் பிரிச்சோமுங்க. ரெண்டும் எப்படிங்க ஒண்ணாகும்?”

இந்தக் கேள்வியைச் சாந்தாமணி யோசித்ததே இல்லை. கரும்பலகையைப் பார்த்தாள், டிபன் பாக்ஸைப் பார்த்தாள். சட்டென்று அவளுக்கே பிடிபட்டது. பின்னால் தேர்வாளர் இருப்பதே மறந்துபோனது.

“உன்ற மூணு துண்டையும் மூடி மேல ஒட்டி ஒட்டி வெச்சுப் பாரு சாமி.”

மகுடேஸ்வரி வைத்தாள். எட்டிப் பார்க்கப் பிள்ளைகள் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டார்கள். ஒரு முழுத் தோசை போல இருந்தது. ஒரு மூலை மட்டும் காலி.

“ஒரு கால் கொறையுதுங்க!”

“கொறையறது கால்னா, உங்கிட்ட இருக்கறது?”

“ஒரு தோசையில முக்கால்! அட, ரெண்டும் ஒண்ணுதானுங்க டீச்சர்!”

கோவிந்தராஜுலு பேனாவைத் திறந்து எழுதினார். எழுந்து முன்னால் வந்தார்.

“அந்தப் புள்ளைக்குப் புரிய வெச்சீங்க பாருங்க அம்மணி, அதுதானுங்க பாடம். கவலைப்படாமப் போங்க, தேறிட்டீங்க.”

அவர் தலை மறைந்ததும் சாந்தாமணி மகுடேஸ்வரியை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

“ஏங்கண்ணு, இந்த வாரம் பூரா இதே பாடத்தைத்தானே ஒத்திகை பாத்தோம்? மொத ஆளாப் பதில் சொன்னவளே நீதானே? இன்னிக்கு என்னத்துக்கு ஒண்ணுந் தெரியாதவளாட்டம் நின்னே?”

“எல்லாரும் சரியாச் சொல்லவும் அந்த சார் பேனாவை மூடிப்போட்டாருங்க. கண்டுபிடிச்சுருவாருன்னு பயந்துதான் மொதக் கேள்வியை வேணும்னே கேட்டேனுங்க.”

“அடிக் கள்ளி! அப்ப ரெண்டாவது கேள்வி?”

மகுடேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அது நெசமாலுமே தெரியாதுங்க டீச்சர். ஒத்திகையில நீங்க பதிலை மட்டும்தானுங்களே சொல்லிக் குடுத்தீங்க!”