முதல் நிமிஷத்திலிருந்தே

சலூன் நாற்காலியில் சாய்ந்திருந்த கால்பந்து கோச்சின் தொண்டையில் சவரக்கத்தி இருந்ததால், சலூன்காரர் சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இந்த சீசன்ல ஒவ்வொரு மேட்சுலயும் கடைசி இருபது நிமிஷம் இறங்கியே அந்தப் பையன் ஒன்பது கோல் போட்டிருக்கான். இன்னும் ஏன் சார் அவனைப் பெஞ்சுல உக்கார வச்சிருக்கீங்க?"

"எல்லாரும் களைச்ச நேரத்துல இறங்குறான், போடுறான். ஞாயித்துக்கிழமை ஃபைனல் தோத்தா என் வேலையே போயிடும்யா."

"அதான் சொல்றேன். இருபது நிமிஷத்துக்கே ஒன்பதுன்னா, முழு மேட்சுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க! கன்னத்தை உப்புங்க."

கோச் உப்பினார், கணக்குப் போட்டார், காற்றை விட்டார்.

"அவன் உனக்குச் சொந்தமா?"

"சத்தியமா இல்ல சார். நியாயத்தைச் சொன்னேன்."

பாதிக் கன்னம் நுரையோடேயே கோச் கிளப்புக்குப் போன் போட்டு, பையனை முதல் பதினொரு பேரில் சேர்க்கச் சொன்னார்.

அவர் தெருமுனை திரும்பியதும் சலூன்காரர் தன் மருமகனைப் போனில் அழைத்தார். மருமகன் எதிரணியின் கோல்கீப்பர். அந்தப் பையனை நினைத்து அவருக்கு ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை.

"நிம்மதியா சாப்பிடுங்க மாப்பிள்ளை. உங்க டிஃபெண்டர்களுக்கு நாக்குத் தள்ளும்போது அவனுக்கும் தள்ளிடும்."