அயர்லாந்தில் மழை

“காலமை தொடங்கின மழை இன்னும் விடேல்லை அம்மா. கடலும் தெரியேல்லை, வானமும் தெரியேல்லை. ஒரே சாம்பல்.”

ஸ்ரான்லி தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தான். மறுமுனையில், டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில், அவனுடைய அம்மா யோகமலர் முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து அப்போதுதான் தேநீரோடு உட்கார்ந்திருந்தாள்.

“அப்ப போட்டுகள் ஒண்டும் போகேல்லையோ?”

“எல்லாம் இறங்குதுறையிலை கட்டிக் கிடக்குது. செம்மறியாடுகள்தான் ரோட்டிலை நிக்குது. கார் வந்தாலும் விலகாதுகள்.”

“அந்த வீட்டுக்கார மனிசிக்கு முழங்கால் நோ எண்டாய்?”

“நோராவுக்கோ? இப்ப பரவாயில்லை. காலமை நாயையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனவ. கடையும் தபால்கந்தோரும் ஒண்டுதானே இஞ்சை. வரேக்கை எனக்கும் ஒரு பாண் வாங்கிக்கொண்டு வந்தவ.”

யோகமலர் இப்படித்தான். வாராவாரம் அவன் அழைக்கும்போதெல்லாம் அந்த அயர்லாந்துக் கடலோரக் கிராமத்தில் ஒருவரையும் விடாமல் விசாரிப்பாள். எந்தப் படகில் என்ன மீன் வந்தது, காற்றில் விழுந்த கல்மதிலைத் திரும்பக் கட்டினார்களா என்றுகூடக் கேட்பாள். ஆனால் கமராவைப் போடு, முகத்தைப் பார்க்கவேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஸ்ரான்லிக்கு அது பெரிய நிம்மதி.

“தம்பி, நான் லீவு எடுத்திருக்கிறன். உன்னை வந்து பாக்கப்போறன்.”

தோளிலிருந்து நழுவிய தொலைபேசியை அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“இஞ்சையோ? வேண்டாம் அம்மா. பிளேனாலை இறங்கிப் பிறகு எவ்வளவு தூரம் பஸ்ஸிலை வரவேணும் தெரியுமோ. சில நாளைக்கு பஸ்ஸே வராது.”

“பஸ் எனக்கென்ன புதுசோ. புட்டும் கணவாய்க் கறியும் கொண்டுவந்தால் உள்ளை விடுவினமோ?”

“எயார்போட்டிலை எறிஞ்சுபோடுவினம். என்ரை அறையும் சின்னன் அம்மா. ரெண்டு பேர் தங்க ஏலாது.”

“நான் தங்க வரேல்லை. உன்னைப் பாத்திட்டுப் போயிடுவன்.”

ஸ்ரான்லி கண்களை மூடிக்கொண்டான். அவன் சாய்ந்திருந்தது அதே டென்மார்க்கில் ஒரு சிறைச்சாலையின் சுவரில். அவனுக்கு அடுத்து இன்னும் சிலர் தொலைபேசிக்காகக் காத்துநின்றார்கள்.

ஒடென்சே நகரில் ஒரு மாலை, அவன் கார் ஓட்டிய வேகத்தில் சைக்கிளில் வந்த ஒருவர் தூக்கி எறியப்பட்டார். அவர் உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் இன்றும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார்.

தீர்ப்பைக் கேட்டு நின்றபோது அம்மாவின் முகம்தான் அவனுக்கு முன்னால் வந்தது. அப்பா போனபிறகு ‘என்ரை மகன் இன்ஜினியர்’ என்ற ஒரு பேச்சிலேயே நிமிர்ந்து நடந்தவள். அவளிடம் போய் எப்படிச் சொல்வது? அயர்லாந்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டான்.

முன்பொருமுறை இயந்திரம் பூட்டுவதற்காகக் கம்பனி அவனை அந்தக் கிராமத்துக்கு அனுப்பியிருந்தது. அங்கே இருந்தது ஒரு வாரம்தான். அந்த ஒரு வாரத்தைத்தான் இத்தனை மாதங்களாக நீட்டிக்கொண்டிருந்தான். நோரா, அவளுடைய முழங்கால், நாய், கல்மதில் எல்லாம் அவனாகச் சேர்த்தவை. இந்தக் கட்டடத்தைவிட்டுப் போவதற்காவது ஒரு தேதி இருந்தது. அந்தக் கிராமத்திலிருந்து வெளியே வரத்தான் அவனுக்கு வழி தெரியவில்லை.

அம்மா சாப்பாட்டுப் பையோடு அந்த இறங்குதுறையில் நனைந்துகொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தான். வீடு வீடாகப் போய், இல்லாத நோராவை விசாரிப்பாள்.

“என்ன தம்பி, பேச்சைக் காணேல்லை?”

“அம்மா, ஒண்டு சொல்லவேணும்.” அவன் சுவரிலிருந்து முதுகை எடுத்தான். “நான் அயர்லாந்திலை இல்லை.”

தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்கும் சத்தம் மெல்லக் கேட்டது.

“தெரியும்.”

ஸ்ரான்லி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

“முதல் கிழமையே ஜெயிலிலையிருந்து எடுத்துக் கேட்டவை, மகன் உங்களோடை போனிலை கதைக்கிறதுக்குச் சம்மதமோ எண்டு. அண்டைக்கு முழுக்க நான் வேலைக்குப் போகேல்லை.”

அடுத்து நின்றவன் நேரமாகிறது என்று டேனிஷில் சொன்னான். ஸ்ரான்லி எழவில்லை.

“பிறகேன் அம்மா ஒவ்வொரு கிழமையும் நோராவையும் நாயையும் கேட்டனீங்கள்?”

“அதைக் கதைக்கிற நேரமாவது நீ வெளியிலை, கடற்கரையிலை நிப்பாய் எண்டுதான்.”

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். யோகமலர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள்.

“பாக்க வாறதுக்கு எழுதிக் குடுத்திட்டன். இனி உன்னட்டைத்தான் சம்மதம் கேப்பினமாம்.”

அவன் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“ஓம் எண்டு சொல்லு, தம்பி.”