தாடைக்குள் ஓர் எலும்பு

இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதில்லை. பாறைக்குள் கல்லாகிப்போன எந்தப் புதைமீனின் வம்சம் என்றுதான் கேட்கிறார்கள். ஒரே வம்சமென்றால் பங்காளி, பெண் கொடுக்க முடியாது.

அருங்காட்சியகத்தில் பாறையைச் சுரண்டிப் புதைமீன்களை வெளியே எடுப்பது சிங்காரவேலுவின் வேலை. வெள்ளிக்கிழமை அவர் மகள் மதிவதனிக்குக் கல்யாணம். திங்களன்று, மாப்பிள்ளை வீட்டு மீனின் தாடைக்குள் சின்னதாக ஓர் எலும்பு தெரிந்தது. அது தன் வீட்டு மீனுக்கு மட்டுமே உண்டு என்று அதுவரை நம்பியிருந்தார்.

மகளை வரவழைத்துக் காட்டினார்.

“அப்போ அவரு எனக்கு அண்ணனாப்பா?”

“எலும்பு அப்படித்தான்மா சொல்லுது.”

“நாப்பது கோடி வருஷமா வாயத் தொறக்கல. இன்னும் நாலு நாள் பொறுக்கக்கூடாதா அதுக்கு?”

சிங்காரவேலு எலும்பின்மேல் சுண்ணாம்பை அப்பி மறைத்தார். மீனை உள் அலமாரியில் வைக்கப் போனார். அங்கே ஏற்கெனவே நான்கு மீன்கள், தாடையில் சுண்ணாம்புப் பூச்சோடு இருந்தன.

அவருக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவருக்கு நான்கு பெண்கள்.