நகலெடுக்கக் கூடாது

மலேசியாவின் ரவாங் நகரத் தொழிற்சாலை ஒன்றில் சர்க்கிட் போர்டு வரைபடத்தைக் கொடுக்கும்போது பவனேஷ் ஓர் ஒப்பந்தத் தாளையும் நீட்டினான். மீன்பிடிப் படகில் தண்ணீர் ஏறினால் அலறும் அலாரத்துக்கான வரைபடம் அது.

“வெளியே யாருக்கும் காட்ட மாட்டோம்னு முதல்ல சைன் பண்ணுங்க. யாராவது காப்பி அடிச்சிட்டா என் கதி அவ்ளோதான்.”

போன மாதம்தான் அங்கு வேலைக்குச் சேர்ந்த பொறியாளர் நித்தியா கையெழுத்திட்டாள். பிறகு கணினித் திரையில் அந்த வரைபடத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

“நீங்களே வரைஞ்சதா?”

“ரெண்டு வருச உழைப்புலா.”

“இந்த மூலையில ஒரு கோடு எதோடயும் சேராம தனியா நிக்குதே. அது எதுக்கு?”

அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். “அது... சும்மா, அழகுக்கு.”

“அழகுக்கு இல்ல,” என்றாள் நித்தியா மெதுவாக. “என் வரைபடத்தை யாராவது திருடினா கண்டுபிடிக்கணும்னு நான் போட்டது.”