சாயம் ஏற்றும் முன்

இதற்கு முன் எம்ஆர்ஐ எடுத்ததுண்டா என்று எல்லா நோயாளியிடமும் கேட்பதுபோலத்தான் பிரவீனா தன் கணவனிடமும் கேட்டாள்.

"இல்ல லா, இதான் ஃபர்ஸ்ட் டைம்," என்று சிரித்துக்கொண்டே படுத்தான் லோகேஸ்வரன்.

காலையில், சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம் மாசாயில் உள்ள வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் வலிப்பு வந்து விழுந்துவிட்டான். அவளுக்குப் பாதி உயிர் அப்போதே போய்விட்டது. அவளுடைய அண்ணன் சுகுமாறன்தான் ஓடி வந்து, காரில் ஏற்றி, அவள் வேலை செய்யும் மருத்துவமனைக்கே கொண்டுவந்து சேர்த்தான்.

சிங்கப்பூரில் தன்னோடு வேலை செய்யும் கூட்டாளியான லோகேஸ்வரனை, சொக்கத் தங்கம் என்று சொல்லித் தங்கைக்குப் பேசி முடித்தவனும் அவன்தான். தலைதீபாவளி இன்னும் வரவில்லை.

இயந்திரம் தடதடத்தது. திரையில் படங்கள் வந்தன.

ஒரே மூளைதான். ஒரு முறையில் எடுத்தால் அதிலுள்ள நீர் கறுப்பு. இன்னொரு முறையில் அதே நீர் வெள்ளை. இரண்டிலும் பிடிபடாததைக் காட்டத்தான் நரம்பில் மருந்துச் சாயம் ஏற்றுவார்கள். அந்த ஊசி இன்னும் பிரிக்கப்படாமல் மேசைமேல் கிடந்தது.

ஆனால் பின்மூளையில், இரண்டு பக்கமும், ஒரு வெண்மை.

சாயத்தைப் பலமுறை ஏற்றிக்கொண்டவர்களுக்கு அதில் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடுவதுண்டு. ஒரு தடவைக்கெல்லாம் தங்காது.

வேறு காரணமும் இருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஊசியோடு உள்ளே போனாள். அவள் வாய் திறக்குமுன் அவன் வலது கையை நீட்டினான்.

"இடதுல நரம்பு கிடைக்காது, இதுல போடு."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

தினமும் பக்கத்தில் படுத்தவன். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று தெரிந்தே தாலி கட்டியவன். மாமியார் வீடே கூடி நோயை மறைத்திருக்கிறது. இருக்கட்டும். அண்ணனைக் கூப்பிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கச் சொல்லவேண்டும்.

"யார் யாருக்குத் தெரியும்?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. உன் அண்ணன்தான் ஒவ்வொரு தடவையும் அங்க சிங்கப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாரு."

வெளியே சுகுமாறன், தங்கை காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே என்று வாங்கி வந்த மைலோ பானப் பையோடு காத்திருந்தான்.