அப்பாவுக்குத் தடவிய எண்ணெய்

எங்கள் தீவில், வைனி ஊர்த் தேவாலயத்துப் பின்னறையில் இருப்பவர்கள்: பேண்ட் மாஸ்டர் லோபெட்டி, அவர் தம்பி சையா, டியூபா ஊதும் நான். அண்ணன் தம்பி இருவர் இடுப்பிலும் துக்கத்துக்குக் கட்டும் கிழிந்த பாய். சாயங்காலம் அவர்களுடைய அப்பாவை அடக்கம் செய்கிறார்கள். லோபெட்டி கார்னெட் என்னும் சிறு எக்காளத்தின் ஊதுவாயைக் கழற்றி மேசையில் வைத்து, நடு வால்வை உருவி முகர்கிறார். பூ மணக்கும் தேங்காயெண்ணெய். “அப்பா ஒடம்புல தடவுனதையா இதுக்குள்ள ஊத்துன? காலைல நீ ஊதுறப்ப பாதிப் பாட்டுல வால்வு ஒட்டிக்கிச்சு. ஊரே சிரிக்குது.” “வால்வு எண்ணெய நீதானே அண்ணே பூட்டி வெச்சிருக்க? பின்ன எச்சிலயா தடவுறது?”

லோபெட்டி மூன்று வால்வுகளையும் சோப்பு நீரில் கழுவித் துடைக்கிறார். அலமாரியைத் திறந்து எண்ணெய் எடுத்து, சொட்டுச் சொட்டாக விட்டு, எண் பார்த்து அதனதன் குழாயில் இறக்குகிறார். விரல் பட்டதும் சத்தமில்லாமல் ஏறி இறங்குகின்றன. தகரக் கூரை வெயிலில் முறுகுகிறது. “குழிகிட்ட நான் ஊதிக்கிறேன். நீ போய்ப் பன்னிக்குத் தீனி வை.” “அவரு எனக்கும் அப்பாதான்.” “வெளிய போடா.” சையா மேசையிலிருந்த ஊதுவாயை எடுத்துச் சட்டைப் பையில் போடுகிறான். அவன் காசில் வாங்கியது. அது இல்லாமல் கார்னெட்டை ஊத முடியாது; இங்கே வேறு கிடையாது. அண்ணன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், வாயைத் திறக்கவில்லை. சையா வெளியே போனதும் லோபெட்டி கதவை அறைந்து சாத்திப் பூட்டுகிறார்.